கட்டி வைக்க வேண்டிய கணினிகள்

“கட்டாம விட்டா என்ன ஆகும்?”

“மேல போயிடும்.”

“எவ்வளவு மேல?”

“வீட்டுக்குக் கூரை இருக்குல்ல? அதுவரைக்கும்தான். பயப்படாதீங்க மாஸ்டர்.”

தையல்காரிக்கும், பழைய கணினிகளைச் சரிசெய்து விற்கும் டப்பாக்காரருக்கும் நடந்த முதல் பேச்சு இது. இருவருக்கும் இது ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. உண்மையில் அவள் அன்று கேட்கப் போனது வேறு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் நர்சுகளுக்குச் சீருடை தைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. அளவுப் படங்களைக் கணினியில் வரைந்து கொடுப்பவர்களுக்குத்தான் வேலை என்று சொல்லியிருந்தது. அண்ணன் வீட்டுப் பின்னறையில் பழைய செய்தித்தாள்மேல் கோடு போட்டு வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு, புதுக் கணினியெல்லாம் கைக்கு எட்டாத சங்கதி. “எனக்கு ஒண்ணு வேணும்” என்று டப்பாக்காரரிடம் கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் கேட்டு வாங்கும் பழக்கம் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது. சின்ன வயதில் பசித்தால்கூட, “அண்ணா, நீ சாப்பிட்டியா?” என்றுதான் அடுப்படியில் வந்து நிற்பாள், அண்ணன் புரிந்துகொண்டு அவளுக்குத் தட்டு வைப்பான். அதே மாதிரிதான் அன்றும் கடை வாசலில் நின்றாள். நாடாவின் நுனியில் மிதந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு சாம்பல் நிற மடிக்கணினியைப் பார்த்தபடி, கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்றாள். டப்பாக்காரர் அவள் கண் போன திசையைப் பார்த்தார். பதில் சொல்லிக்கொண்டே அதை இறக்கித் துடைத்து, நாடாவை அவள் கையில் கொடுத்தார். விலை ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலை. அதைவிட, அவர் அவளை மாஸ்டர் என்று கூப்பிட்டார். தையல் தெரிந்த ஆண்களைத்தான் ஊரில் அப்படிக் கூப்பிடுவார்கள். தலைக்குமேல் கணினி மிதந்துவர அவள் தெருவழியே வீட்டுக்கு நடந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப் போகிறவர்கள் அந்தத் தெருவில் தினமும் இரண்டு பேராவது இருந்தார்கள்.

கணினிகள் மிதக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு சொல். அலுவலகங்கள் கழித்துப் போடும் கணினிகளை டப்பாக்காரர் மொத்தமாக எடுத்து வருவார். ‘டப்பா’ என்று ஊர் அவற்றைக் கிண்டல் செய்தது, அவரையும் சேர்த்துச் செய்தது. அவர் சளைக்காமல் அதையே கடைப் பெயராக எழுதி மாட்டினார். செத்துப்போன கணினியின் நினைவகத்தைக் கழற்றி உயிருள்ளதில் போடுவார். கரகரவென்று சுழலும் பழைய வட்டை எடுத்துவிட்டுச் சத்தமில்லாத சின்ன வட்டு வைப்பார். விசிறியில் அடைத்திருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் தட்டுவார். பிறகு, ‘இந்தக் கணினிக்கு இனி ஆதரவு கிடையாது’ என்று கைவிரித்துவிட்ட பழைய மென்பொருளை வழித்தெறிந்துவிட்டு, ஒரு பென்டிரைவிலிருந்து கட்டற்ற மென்பொருளை ஏற்றுவார். அதை யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம், பிரித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஆங்கிலத்தில் ஏற்றிய காலமெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. கணினி நன்றாக ஓடியது, அவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தார். ‘இது கட்டற்ற மென்பொருள்’ என்று திரையில் ஒரு வரி வந்தது. கணினி அதை அப்படியே நம்பி, மேசையை விட்டு எழுந்தது. டப்பாக்காரர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, எதிர்க்கடைக்குப் போய் நாடா வாங்கி வந்தார்.

நீதிமன்றத்திலிருந்து வந்த கணினிகள் தயங்கித் தயங்கி எழுந்தன. இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து வந்தவை விசுக்கென்று கூரையில் போய் முட்டின. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு குணம் பொதுவாக இருந்தது: வேலை கொடுத்தால் இறங்கிவிடும். தட்டச்சுப் பலகையில் விரல் எட்டும் உயரத்துக்கு வந்து, வேலை முடியும்வரை கல்லுப்போல நிற்கும். வேலை முடிந்ததும் நாடா அனுமதிக்கும் தூரத்துக்கு மறுபடி எழும். சும்மா அலங்காரத்துக்கு வாங்கி வைத்தவர்கள் வீட்டில் கூரையோடு ஒட்டிக் கிடந்து சிலந்தி வலை சேர்த்தது. அதனால் ஊரில் ஒரு போட்டியே வந்துவிட்டது, யார் வீட்டுக் கணினி அதிக நேரம் கீழே நிற்கிறது என்று.

தையல்காரியின் கணினி முதல் நாளே வெட்டும் மேசைக்கு இறங்கியது. வரைபட மென்பொருளைத் திறந்தாள். மேலே பட்டியலில் ‘வெட்டு’, அதற்குக் கீழே ‘ஒட்டு’ என்று இருந்தது. “அண்ணி, இங்க வந்து பாருங்களேன், இது நம்ம தொழிலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!” என்று கத்தினாள். ஆனால் அளவுகோல் மட்டும் மில்லிமீட்டரில் நின்றது. அவள் விரல்களுக்கோ அங்குலம் தவிர வேறு பாஷை தெரியாது. டப்பாக்காரர் வந்தார். ஓரமாக இருந்த ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து அங்குலத்துக்கு மாற்றினார். “இனிமே இது உங்க அளவுல பேசும் மாஸ்டர்” என்றார். அந்த நொடியில் அவள் மனதில் ஒரு வேண்டுகோள் பிறந்தது. நாக்கு நுனிவரை வந்தது. வழக்கப்படி அங்கேயே நின்றது. வேறு ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று, “இதை எப்படிப் பிரிண்ட் எடுக்கிறது?” என்று கேட்டுவைத்தாள். அண்ணன் பரணில் போட்டிருந்த, எல்லாரும் தூக்கிப்போடச் சொன்ன பிரிண்டரை இறக்கிச் செருகினார்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் அது ஓடத் தொடங்கியது. கழுத்து, தோள், கை என்று தாள் தாளாக வந்து விழுந்ததைப் பசை தடவி ஒட்டியபோது முழுசாக ஒரு சட்டையின் முன்பக்கம் தரையில் படுத்திருந்தது. ஒரே படம், எண்ணை மாற்றினால் ஒல்லி நர்சுக்கும் ஆகும், குண்டு நர்சுக்கும் ஆகும். அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வேலை அவளுக்கே கிடைத்தது.

அதற்குப் பிறகு ஊர் பிடித்த ஓட்டத்தை இப்போது சொன்னாலும் மூச்சு வாங்குகிறது. பேக்கரிக்காரர் தன் ரொட்டி உறைக்குத் தானே படம் வரைந்தார். ரொட்டி சுமார்தான், உறைக்காகவே வாங்கினார்கள். டியூஷன் நடத்தும் அக்காளும் தங்கையும் ஒரு நீளப் பெஞ்சில் வரிசையாகக் கணினிகளைக் கட்டினார்கள். பாடம் தொடங்கியதும் அத்தனையும் ஒன்றாக இறங்கும் அழகைப் பார்க்கவே பிள்ளைகள் சீக்கிரம் வந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தன் கல்யாண வீடியோவைத் தானே வெட்டி ஒட்டி, மாமனார் பேசிய பகுதியை மட்டும் மறக்காமல் நீக்கினார். மாமனாரும் ஒரு கணினி வாங்கி அதைத் திரும்பச் சேர்த்தார். “சுட்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது” என்று பின்னறையிலிருந்து தையல்காரி மவுஸைத் திட்டும் குரல் வந்ததும் அண்ணி தன் கடைக்குட்டியைக் கூப்பிட்டு அதட்டினாள். அவன் பாவம், தூங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த இன்சூரன்ஸ் அலுவலகமே ஆள் அனுப்பி, தான் கழித்துப் போட்ட கணினிகளை அடையாளம் தெரியாமல் சந்தோஷமாக வாங்கிப் போனது.

இந்த வருடங்களில் தையல்காரி அந்த வேண்டுகோளைக் கேட்கப் பலமுறை டப்பாக்காரர் கடைக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் வாயில் வந்தது ஒரு சந்தேகம். பல கோப்புகளை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது? கணக்குத் தாளில் கூட்டல் தானாக வருமா? பழைய எழுத்துருவில் அடித்தது குப்பையாகத் தெரிந்தால் எப்படிப் படிப்பது? அவர் பொறுமையாகச் சொல்லுவார். அவளும் வீட்டுக்கு வந்து ஆத்திரம் தீரச் செய்து பார்ப்பாள். ஆசையை விழுங்கி விழுங்கி அவளுக்குக் கணினி முழுவதும் வந்துவிட்டது. பிறகு சந்தேகம் வந்தவர்களெல்லாம் டப்பாக்காரர் கடைவரை நடப்பதற்குப் பதில், வழியில் இருந்த மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டார்கள். அவளும் தையலை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுத்தாள். அதனால் என்ன வரும் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு ஞாயிறு காலை டப்பாக்காரரை டீக்குக் கூப்பிடச் சொல்லி அண்ணனை ஏவினாள். அண்ணன் சுற்றி வளைத்து வானிலை, மின்வெட்டு எல்லாம் பேசிவிட்டு, “உங்களுக்குக் குடும்பம், பொறுப்புன்னு ஏதாவது...?” என்று இழுத்தான். கதவுக்குப் பின்னால் தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டப்பாக்காரருக்குக் கூச்சம் வந்தால் ஜோக் அடிப்பார். “எனக்கு ஏதுங்க அதெல்லாம்? ஒரு கட்டும் கிடையாது. நானும் ஒரு கட்டற்ற ஆளு!” என்று சிரித்தார். சொன்ன உடனே நாற்காலியை விட்டு ஒரு சாண் எழுந்துவிட்டார். அண்ணி டீயைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவரும் தன் கணினிகளைப் போலத்தான். வேலை இருந்தால் தரையில் நடப்பார், இல்லாவிட்டால் எழும்புவார். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, கம்பியைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சிக்கல் என்னவென்றால், அவர் போட்டுக் கொடுத்த எதுவும் கெடவில்லை. வைரஸ் வரவில்லை. மெதுவாகவில்லை. சந்தேகங்கள் எல்லாம் மாஸ்டரிடம் தீர்ந்தன. ஒரு ரிப்பேர்க்காரர் தன் வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்யக் கூடாது என்று முடிதிருத்துபவர் வருத்தப்பட்டார். டப்பாக்காரர் முதலில் சன்னல் உயரத்தில் போனார், பிறகு கடைப் பலகைகளின் உயரத்தில்.

தையல்காரி பயந்துபோனாள். பிரிண்டர் ஒயரைத் தானே பிடுங்கிவிட்டு அவருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் இறங்கி வந்தார், செருகினார், டீ குடித்தார், எழும்பினார். மறுநாளும் பிடுங்கினாள். “பாப்பா, காய்ச்சல் பிரிண்டருக்கா, உனக்கா?” என்று அண்ணி கேட்டாள். “பாவம் அந்த மனுஷன், ஒயரையும் உன்னையும் மாத்தி மாத்திப் பாக்கிறாரு. நீ என்னடான்னா தரையப் பாக்கிற.” ஒரு வாரம் போனதும் பொய் வேலைக்கு அவர் முழுசாக இறங்கவில்லை. சன்னலுக்கு வெளியே நின்றபடி, “ஒயரைப் பாருங்க மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

காற்றுக்காலம் வந்தது. ஒரு மதியம் அவள் மொட்டை மாடியில், நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெட்டுவதற்கு முன் சுருங்குவதெல்லாம் சுருங்கிவிட வேண்டும் என்பதில் அவள் கறார். கைப்பிடிச் சுவருக்கு வெளியே டப்பாக்காரர் வந்து நின்றார். தோளில் பை, பை நிறையப் பென்டிரைவ். ஒரு கையால் கொடிக்கம்பத்தைப் பிடித்திருந்தார். காற்று அவரைப் படுக்கைவசமாக நீட்டி வைத்திருந்தது.

“காத்து நல்லா இருக்கு. அடுத்த ஊர்லயும் டப்பா மலை மாதிரி குவிஞ்சு கிடக்குதாம்” என்றார். கண்கள் மின்னின. “போறேன் மாஸ்டர்.”

போயிட்டு வரேன் என்று அவர் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாள். ஈரத்துணி கையிலிருந்து நழுவியது.

தெருவிலிருந்து அண்ணன், “பாப்பா, அவரைக் கம்பிப் பக்கம் போக வேணாம்னு சொல்லு!” என்று கத்தினான். அண்ணி அவன் வாயைப் பொத்துவது மேலிருந்தே தெரிந்தது. பேக்கரிக்காரரும் டியூஷன் அக்காளும் தங்கையும் வாசலுக்கு வந்து அண்ணாந்து நின்றார்கள்.

“கிளம்புறதுக்கு முன்னாடி ஏதாவது டவுட் இருக்கா?” என்று கேட்டார் டப்பாக்காரர். அவர் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. “வழக்கமா ஒண்ணு இருக்குமே.”

அவள் தேடினாள். கோப்பு, எழுத்துரு, அளவுகோல், பிரிண்டர், கடவுச்சொல், கணக்குத்தாள் என்று மனதின் இழுப்பறைகளையெல்லாம் திறந்து பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தாள். பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு சந்தேகம்கூட மிச்சமில்லை. கம்பத்தில் அவர் விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டுக்கொண்டிருந்தன. அவள் சுவரருகே வந்தாள். தெரு முழுவதும் கேட்கும் குரல் தன்னிடம் இருந்தது என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

“டவுட்டும் இல்ல, வேலையும் இல்ல, ஒயரும் ஒழுங்காத்தான் இருக்கு” என்றாள். “என்னைக் கட்டிக்கிறீங்களா?”