முதல் கட்டில்

பிரசவ ஆஸ்பத்திரி திறந்த அன்று ஊர்த்தலைவர் வெள்ளைச்சாமி அம்பலகாரர் "தாய்மார்களே" என்று ஆரம்பித்து, பொழுது உச்சிக்கு வரும்வரை பேசினார். பந்தலில் தாய்மார் ஒருவரும் இல்லை. அவர்கள் அம்பலகாரரின் வயலில்தான் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கைதட்டினார்கள். புதுக்கோட்டையிலிருந்து வந்த அதிகாரி ரிப்பனை வெட்டி, இளநீர் குடித்து, காரேறிப் போனார். புழுதி அடங்கியபோது நாலு கட்டில், ஒரு பீரோ, ஆவூரிலிருந்து வந்த நர்ஸ் சூசையம்மாள் ஆகியவை மிஞ்சின.

ஆறு மாதம் ஓடியது. ஊரில் பிள்ளைகள் வழக்கம்போல் பிறந்தன. ஆஸ்பத்திரியில் மட்டும் பிறக்கவில்லை.

ஊருக்கு ஆஸ்பத்திரி மேல் வெறுப்பெல்லாம் கிடையாது. சந்தேகம்தான். புதுசாகக் கட்டினால் காவு கேட்கும். பாலம் கேட்கும், மதகு கேட்கும். பிள்ளை பெறுவதற்கென்றே கட்டிய கட்டடம் எதைக் கேட்கும்? முதலில் பிறக்கிற பிள்ளையைத்தான். கொத்தனார் நாகராசு சாரத்திலிருந்து விழுந்தபோது, அத்தோடு காரியம் முடிந்தது என்று ஊர் நம்பியது. மனுசன் காலை மட்டும் ஒடித்துக்கொண்டு பிழைத்துவிட்டான்.

"நீ ஒழுங்கா விழுந்திருந்தா எங்க வீட்டுப் பொம்பளைக நிம்மதியாப் பிள்ளை பெத்திருப்பாளுக" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அவனும் தப்புச் செய்தவன் போலத் தலையைக் குனிந்துகொள்வான்.

நர்ஸ் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். எல்லாரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள்.

"கண்டிப்பா வாரோம் நர்ஸம்மா. ரெண்டாவதா வாரோம்."

அந்தச் சமயத்தில் செவந்திக்கு நிறைமாசம். அம்பலகாரர் வயலில் கூலி வேலை பார்க்கும் ஆண்டிச்சாமியின் பெண்டாட்டி. ஏற்கெனவே இரண்டு பெற்றவள். இரண்டும் தாட்டியாகப் பிறந்து, அழுது, பால் குடித்தவைதான். ஏழாம் நாள் வாய் கட்டிக்கொண்டது. காம்பைப் பிடிக்க முடியாமல், உடம்பு வில்லாக விறைத்து, எட்டாம் நாள் போய்விட்டன.

அதைக் கேள்விப்பட்டு நர்ஸ் வெயிலில் நடந்து வந்தாள். வந்ததும் மாமியார் அழகியைப் பிடித்துக்கொண்டாள்.

"தொப்புள்கொடியை எதுல அறுத்தீங்க?"

"கருக்கருவாள்ல. பின்னே, பல்லுலயா அறுப்பாங்க?"

"மேல என்ன வச்சீங்க?"

"சாணிச் சாம்பல். எம் புருசனுக்கும் அதான் வச்சாங்க. எருமைக்கடா கணக்கா இருந்தாரு."

"இந்த ரெண்டும் எருமைக்கடா ஆகலையே. இந்தத் தடவை எங்கிட்ட அனுப்புங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நர்ஸ் குடையை விரித்தாள்.

அவள் தலை மறைந்ததும் அழகி மகனைக் கேட்டாள். "இவ எதுக்குடா இம்புட்டு வெயில்ல நடந்து வாரா?"

"சர்க்கார் சம்பளம் வாங்குறாங்கல்ல ஆத்தா."

"நம்ம செவந்தி அங்க பெத்தாலும் அந்தச் சம்பளம் வரும், பெக்காட்டியும் வரும். பெறகு எதுக்கு நடக்குறா?"

சம்பளத்துக்கு மேல் ஒருத்தி வேலை செய்வதை ஆண்டிச்சாமி பார்த்ததில்லை.

இதாவது பரவாயில்லை. நாலு நாள் கழித்து அம்பலகாரரே அந்தத் தெருவுக்கு வந்து நின்றார். அடுத்த மாதம் அதிகாரி பார்வையிட வருகிறார். கட்டிலில் ஒரு தாயாவது படுத்திருக்க வேண்டாமா?

"ஏ அழகி, ஒம் மருமகளை அனுப்பு. மொதக் கட்டில் ஒங்களுக்குத்தான்."

செவந்தி கதவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டாள். "ஒங்க வீட்டு மருமக சொர்ணவல்லியம்மாளுக்கும் இதே மாசந்தானுங்களேய்யா?"

அம்பலகாரர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "ஆமா. ஆனா ஏழைக்குத்தான் மொத உரிமை. நாங்க ரெண்டாவதா வந்துக்கிறோம்."

அவர் போனபின் அழகி சொன்னாள். "கோயில்ல பொங்கல் குடுக்குறப்ப நம்மளைக் கடைசியில நிறுத்துற மனுசன். கட்டிலுக்கு மட்டும் முன்னால தள்ளுறாரு. என்னமோ இருக்கு."

அந்த 'என்னமோ' அவளை நிற்கவிடவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் மாதா கோயில் பூசைக்கு ஆவூர் போயிருந்தாள். அழகி தன் சினையாட்டை ஓட்டிக்கொண்டு போனாள். தாழ்ப்பாளைத் தள்ளி, முதல் கட்டில் காலில் ஆட்டைக் கட்டிவிட்டு, வெளியே உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். நர்ஸ் திரும்பி வந்தபோது கட்டிலுக்கு அடியில் இரண்டு குட்டி.

நர்ஸ் போட்ட சத்தத்தில் ஊர் கூடிவிட்டது. அவள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சுண்ணாம்படித்து, பினாயில் போட்டுக் கழுவினாள். அழகி நிதானமாக இருந்தாள்.

"மொதப் பிரசவம் முடிஞ்சு போச்சு நர்ஸம்மா. காவு வாங்குறதா இருந்தா இதுல வாங்கிக்கிறட்டும். எம் மருமக ரெண்டாவதா வருவா."

அம்பலகாரர் வந்து குதித்தார். "இது ஆஸ்பத்திரியா, ஆட்டுக்கிடையா?" கூட்டம் கொஞ்சம் விலகியதும் அழகியிடம் குரலைத் தாழ்த்தினார். "குட்டி ரெண்டும் இருக்கா, போச்சா?"

இருந்தன. அதுதான் சங்கடம். ஒன்றாவது செத்திருந்தால் ஊர் நிம்மதியாகியிருக்கும். அவை தாய் மடியை முட்டி முட்டிக் குடித்து, வேலியில் ஏறித் துள்ளின. ஆட்டை வைத்து ஏமாற்றினால் கட்டடத்துக்குத் தெரியாதா, அது ஆளுக்குக் காத்திருக்கிறது என்றது ஒரு கட்சி. வேதக்கார நர்ஸ் இருக்கிற இடத்தில் நம்ம காவு செல்லாது என்றது இன்னொன்று. நாகராசு, கட்டியவன் என்ற உரிமையில், தன் அபிப்பிராயத்தைச் சொன்னான்.

"நான் சுண்ணாம்புல வழவழப்புக்கு முட்டைகூட ஊத்தலை. அது சுத்த சைவக் கட்டடம்."

குட்டிகள் தழை கடிக்கத் தொடங்கியிருந்தன. ஒரு காலையில் செவந்திக்கு வலி கண்டது. ஆண்டிச்சாமி மருத்துவச்சியைக் கூப்பிடத் துண்டை எடுத்தான். அழகி கூரையில் செருகியிருந்த கருக்கருவாளை உருவினாள். செவந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அத்தை, காவு வாங்கும்னு அங்கிட்டுக் கையைக் காட்டுறீங்க. அங்க பெத்த ஆட்டுக்கு ரெண்டும் துள்ளுது. இங்க பெத்த எனக்கு ரெண்டும் இல்லை. காவு வாங்குற வீடு எது?"

"வலி வந்தா எல்லாரும் இப்படித்தான் பெனாத்துவாளுக" என்றாள் அழகி. ஆனால் வாசலை மறிக்கவில்லை. தன் வீட்டையே ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

செவந்தி நடந்தாள். இடையில் இரண்டு தடவை வேலியைப் பிடித்து நின்றாள். அழகி பின்னாலேயே, கையில் அருவாளோடு, யாரை நம்புவது என்று தெரியாமல் போனாள். நர்ஸ் அருவாளை வெளியே வைக்கச் சொல்லி, அவளையும் அதன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். உச்சிப்பொழுதுக்குப் பெண் பிள்ளை பிறந்தது.

ஊர் வந்து எட்டிப் பார்த்து, "எட்டுக் கழியட்டும்" என்று சொல்லிப் போனது. நாலாம் நாள் அதிகாரி வந்தார். மூட நம்பிக்கையைத் தாம் வேரோடு பிடுங்கிய வரலாற்றை அம்பலகாரர் அவருக்கு விளக்கினார். ஆறாம் நாள் அம்பலகாரரின் கூண்டு வண்டி வந்து நின்றது. சொர்ணவல்லியின் வலி எட்டுக் கழியக் காத்திருக்கவில்லை. அம்பலகாரர் உள்ளே வராமல் வண்டியடியிலேயே நின்றுகொண்டு, "அந்தப் பிள்ளை பால் குடிக்குதா?" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டார்.

ஏழாம் நாள் செவந்தி சாப்பிடவில்லை. பிள்ளையின் உதட்டில் விரலை வைப்பாள். அது இழுத்துச் சப்பும். விரலை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி வைப்பாள். எட்டாம் நாளும் அதே. தொப்புள் சுருங்கிக் காய்ந்திருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் அழகி கையை நீட்டினாள். "குடுடி இங்கிட்டு, தூக்கிப் பார்ப்போம்."

செவந்தி பிள்ளையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமியாரின் விரலிடுக்கையும் நகத்தையும் பார்த்தாள். காலையில் வறட்டி தட்டிய கை.

"கையைக் கழுவிட்டு வாங்க அத்தை."

"எம் பேத்தியைத் தூக்க நான் கை கழுவணுமா?"

"ஆமா. சோப்புப் போட்டு."

அழகி நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அழகி எழுந்து தொட்டிக்குப் போனாள். சோப்பை மோந்து பார்த்தாள். இதில் என்ன கொழுப்பு கலந்திருக்கிறானோ, தேய்த்தால் வேதத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று முணுமுணுத்தபடியே முழங்கை வரைக்கும் நுரைக்கத் தேய்த்தாள். ஈரக் கையை வெயிலில் உதறிக்கொண்டு வந்து, உட்கார்ந்து, மடியை விரித்தாள்.

செவந்தி இரண்டு கையையும் திருப்பிக் காட்டச் சொன்னாள். பார்த்தாள். பிறகுதான் பிள்ளையை இறக்கினாள்.