இரண்டு விரல் தள்ளி ஒரு பாதை

எங்கள் குடும்பத்து கிறிஸ்துமஸ் கேக் இரண்டு வீடுகளில் வேகும். அம்மாவைப் பெற்றவர்கள் விட்டுப்போன வட்டத் தகரம் அவ்வளவு பெரியது. எந்த ஓவனுக்குள்ளும் நுழையாது. அம்மாவுக்கும் அவள் தங்கைக்கும் கல்யாணமான பிறகு ஒரு தகரக்கடைக்காரர் அதை நடுவில் அறுத்து, நேர்ச்சுவர் வைத்து அடைத்து, இரண்டு அரைநிலாக்களாக்கிக் கொடுத்தார். ஒன்று எங்களிடம். மற்றது நான்கு தெரு தள்ளி, சித்தி வீட்டில்.

ஒவ்வொரு பாதியிலும் வெள்ளை ஐசிங் மேல் ஒரு சர்க்கரை வீடு இருக்கும். வீட்டு வாசலிலிருந்து நேர் விளிம்பின் சரியான நடு வரைக்கும் பழுப்பாக ஒரு பாதை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் சித்தி தன் பாதியைத் தூக்கிக்கொண்டு வருவாள். இரண்டையும் ஒட்டினால் பாதைகள் சேர்ந்துகொள்ளும். அதில் யாரோ நடந்து போவதாகச் சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன். இப்போதும்தான். வெளியில் சொல்வதில்லை.

இந்த வருடம் சித்தி வருவாளா என்று யாருக்கும் தெரியாது. ஏழு மாதத்துக்கு முன் ஒரு கல்யாண விருந்தில் எல்லோருக்கும் கேட்கிறபடி அம்மா சொல்லிவிட்டாள்: "இந்தக் கேக் பரவாயில்லையே. என் தங்கச்சி சுட்டா நடுவுல குழிதான். நான்தான் வருஷா வருஷம் ஐசிங்கை அள்ளிப் போட்டு மூடறேன்." எல்லோரும் சிரித்தார்கள். சித்தி தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். அதோடு பேச்சு நின்றது.

"நீயே ஒரு போன் போடேம்மா," என்றேன், அம்மா மாவைக் கலக்கும்போது.

"நான் எதுக்கு? பொய்யா சொன்னேன்?"

"பொய் சொல்லியிருந்தா அவ மன்னிச்சிருப்பா," என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

அம்மா கரண்டியைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினாள். ஒரு மாதமாக ஜாடியில் ஊறிய திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் மாவுக்குள் முங்கி முங்கி எழுந்தன. ஓவன் சூடேறியதும் வீடே மெதுவாகிவிட்டது. கிராம்பு வாசனையில் சுவர்கள் ஊறி மெத்தென்று ஆகிவிட்டதுபோல் இருந்தது. தொட்டால் விரல் உள்ளே போகும் என்று தோன்றியது.

"ஏய், எந்த உலகத்துல இருக்க? மணியப் பாரு," என்றாள் அம்மா.

முதல் ஒரு மணி நேரம் ஓவனைத் திறக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். நாற்பதாவது நிமிடம் அம்மாவே, நிறம் வருகிறதா பார்க்கிறேன் என்று, ஒரு விரற்கடை திறந்தாள். அதே நேரம் வெளிக்கதவு கிரீச்சென்றது. ஓவன் கதவு முழுக்கத் தொங்க, அம்மா ஜன்னலுக்கு ஓடினாள்.

தபால்காரர். அவர் போய் வெகுநேரம் வரை அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. நானும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

கேக்கின் நடுவில் ஒரு கிண்ணம் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

"ஐசிங் போட்டு மூடிடலாம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

மறுநாள்தான் சித்தி வரவேண்டிய நாள். காலையில் அம்மா மூடத்தான் ஆரம்பித்தாள். இரண்டு கரண்டி போட்டாள். பிறகு அதை வழித்து எடுத்தாள். "வேண்டாம். அவ பாக்கட்டும்." கொஞ்சம் ஐசிங்கில் நீலம் கலந்து குழிக்குள் ஊற்றினாள். அது குளமாயிற்று. பாதை போகவேண்டிய இடத்தில் குளம் கிடந்ததால், பட்டர் பேப்பர் கூம்பைப் பிழிந்து பாதையைச் சுற்றிக் கொண்டுவந்தாள். விளிம்பைத் தொட்டபோது அது நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போயிருந்தது.

மத்தியானம் வெளிக்கதவு சத்தமே போடவில்லை. மூன்று மணிக்கு அம்மா செருப்பை மாட்டினாள். "கேக் வெச்ச பலகையத் தூக்கு. நாமளே போறோம்."

பலகையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டோம். நாங்கள் மெல்ல நடந்த வேகத்துக்குத் தெருவும் இறங்கி வந்தது. சைக்கிள்கள் மிதந்தன. மாடியில் காய்ந்த ஒரு போர்வை மூச்சு விட்டது. கேக்கின் மேல் அந்தச் சின்ன வீடும் குளமும் லேசாக ஆட, எந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது எனக்குக் குழம்பிப்போயிற்று.

சித்தி கதவைத் திறந்தாள். கையெல்லாம் சர்க்கரை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேக்கைத்தான் பார்த்தாள்.

"என்ன இது?"

"குளம்."

"குளமா?"

"குழி விழுந்துடுச்சுடி. நீ வந்துட்டியோன்னு பாக்க ஓவனத் தொறந்து போட்டுட்டு ஓடினேன்."

"ஓவனத் தொறந்து போட்டியா? நீயாக்கா?" சித்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ உடைந்து, மறுபடி சிரிப்பானது.

உள்ளே மேஜையில் அவள் பாதி. நடுவில் ஒரு மலை. உச்சியில் சர்க்கரை வீடு ஒருபக்கம் சாய்ந்து தொற்றிக்கொண்டிருந்தது.

"குழி குழின்னியே, பாதாம் விழுது மொத்தத்தையும் ஏத்திட்டேன். காலையிலேர்ந்து மூணு தடவ செருப்ப மாட்டினேன், மூணு தடவ கழட்டினேன்."

"இந்த மலையத் தூக்கிட்டு நீ எங்கேர்ந்து வர்றது?" என்றாள் அம்மா.

இரண்டு பாதிகளையும் ஒட்டினோம். மலைப்பாதை சரியாக நடுவில் வந்து நின்றது. குளத்துப் பாதையோ இரண்டு விரல் தள்ளி.

"உன் ரோடு எங்கக்கா போகுது?"

"குளம் இருக்குல்ல. சுத்திதான் வரணும்." அம்மா மேஜை விளிம்பைத் தடவினாள். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

சித்தி தன் ஐசிங் கூம்பை எடுத்தாள். தன் பாதை நின்ற இடத்திலிருந்து எங்கள் பாதை காத்திருந்த இடம் வரைக்கும், ஒட்டின கோட்டின் மேலேயே, இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்தாள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையை அழுத்திப் பிடித்தாள்.

அந்த இரண்டு விரல் தூரத்தை யாரோ மெதுவாகக் கடப்பதைப் பார்த்தேன், ஒரு கால் அம்மாவின் பாதியில், ஒரு கால் சித்தியின் பாதியில்.