குருவி ஏன் ஓடினாள்?

உலகத்திலேயே வேகமான மனிதர்கள் வந்து மெதுவாகிப் போகிற இடம் ஒன்று உண்டென்றால், அது ஊக்கமருந்துச் சோதனைக்குக் காத்திருக்கும் அறைதான். சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஒரு டீவி, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள் நிறைந்த ஃபிரிட்ஜ். மைதானத்தில் பறந்தவர்கள் இங்கே பாட்டிலும் கையுமாக உட்கார்ந்து, வரவேண்டியது எப்போது வரும் என்று கடவுளை வேண்டிக்கொண்டிருப்பார்கள். இருந்த தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போன பிறகு சிறுநீர் எங்கிருந்து வரும்?

நீண்ட தூர ஓட்டத்தில் அன்று மூன்றாவதாக வந்த பெண்ணும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். ஆள் சிறியவள் என்பதால் எல்லோருக்கும் அவள் குருவி. பந்தயம் முடிந்ததிலிருந்து அவளுக்குத் துணையாக ஒரு பெண்மணியைப் போட்டிருந்தார்கள். சிறுநீர் மாதிரி கொடுத்து முடிக்கும்வரை குருவியைப் பார்வையிலிருந்து விடக்கூடாது, இங்கே நடப்பதை வெளியார் யாரிடமும் சொல்லக்கூடாது. இவைதான் அவருக்கு விதித்த கட்டளைகள். விளையாட்டு விழாவில் தொண்டு செய்ய வந்த அவர் மற்ற நாட்களில் மழலையர் பள்ளி ஆசிரியை. ஆகவே வேலை ஒன்றும் அவருக்குப் புதிதல்ல.

"டீச்சர், வர்ற மாதிரியே இருக்கு. ஆனா வரல," என்றாள் குருவி.

"எங்க கிளாஸ்ல அப்படியே தலைகீழ்மா. வரலன்னு சொல்லி வாய மூடுறதுக்குள்ள வந்திருக்கும்."

"கொஞ்சம் நடந்து பார்க்கட்டுமா?"

"நட. என் கண்ணு முன்னாடியே நட."

இருவரும் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் கம்பி வேலியை ஒட்டி நடந்தார்கள். வேலியின் கடைசி வரை போய்த் திரும்பும்போது குருவியின் முகம் மாறியது. அடுத்த கணம் அவள் ஓடத் தொடங்கினாள். பந்தயத்தில்கூட அவள் அப்படி ஓடியிருக்க மாட்டாள். பார்வையிலிருந்து விடக்கூடாதே என்று டீச்சரும் பின்னால் ஓடினார். கழுத்தில் தொங்கிய அட்டை தோளுக்குப் பின்னால் பறந்தது, ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது.

"நில்லும்மா! என்னை விட்டுட்டுப் போகாதே! ஐயோ, நில்லு!"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செய்திச் சானலின் கேமரா இருந்தது. அதை இருவருமே கவனிக்கவில்லை.

சோதனை நடத்தும் டாக்டரம்மா கோப்பையை விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். அளவுக் கோட்டுக்குப் பாதிகூட வரவில்லை.

"இதுக்கா இந்த ஓட்டம்? இது பத்தாதும்மா. இதை மூடி முத்திரை வைக்கிறேன். மீதி வர்ற வரைக்கும் உட்காரு."

குருவி மறுபடியும் பாட்டிலும் கையுமாக வந்து உட்கார்ந்தபோது டீவியில் அவளே ஓடிக்கொண்டிருந்தாள்.

"சோதனைக்குப் பயந்து தப்பி ஓட்டம்? அதிகாரி துரத்தும் பரபரப்புக் காட்சி!" என்று சிவப்பில் எழுத்து ஓடியது. அவள் சோதனைக் கட்டடத்தின் கதவுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் காட்சி வெட்டுப்பட்டது. பிறகு முதலிலிருந்து மறுபடி ஓடியது. கோட்டு போட்ட நிபுணர் ஒருவர் திரையை விரலால் தொட்டு, "கையை வீசுறதைப் பாருங்க. இது குற்ற உணர்ச்சியில ஓடுற ஓட்டம்," என்று விளக்கினார். அது எந்த உணர்ச்சி என்று மனிதராய்ப் பிறந்த எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியவில்லை.

அறையில் இருந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள், குருவியைப் பார்த்தார்கள், பிறகு மெல்ல எதிர் நாற்காலியைப் பார்த்தார்கள். அங்கே ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள் நெட்டை. நான்காவதாக வந்தவள். தன் சோதனையை முடித்துவிட்டுக் கிளம்பப் போகிறவள். குருவியின் வெண்கலம் பறிபோனால் அது நெட்டைக்குத்தான் வரும்.

குருவியின் போன் அடித்தது. அம்மா.

"ஏண்டி ஓடின?" அம்மாவின் அழுகை அறை முழுக்கக் கேட்டது. "மாமா வீடியோ அனுப்பினாரு. டீவிலயும் காட்டுறான். என் கண்ணால பார்த்தேன்."

"அம்மா, பாத்ரூமுக்கு ஓடினேன்மா! சத்தியமா!"

"அந்த நீச்சல்காரியும் இப்படித்தான் சத்தியம் பண்ணா. அவ படத்தை நம்ம ஹால்ல மாட்டி வெச்சிருந்தேன். ஆறு மாசம் கழிச்சு, ஆமா ஊசி போட்டேன்னு அழுதாளே! நான் யாரை நம்புறது?"

"என்கூட இருக்கற டீச்சரைக் கேளு," என்று குருவி போனை நீட்டினாள்.

பாவம் டீச்சர். சொல்லிவிட்டால் கட்டளையை மீறியவராவார், சொல்லாவிட்டால் ஒரு தாயின் வயிறு எரியும். மனத்துக்குள் கடவுளைக் கூப்பிட்டுவிட்டு, "வணக்கம்மா. உங்க பொண்ணு நல்லா தண்ணி குடிக்கிறாங்க," என்றார்.

"அவ ஓடினாளா இல்லையா?"

"இன்னொரு பாட்டிலும் எடுத்து வெச்சிருக்கேம்மா."

"அய்யோ, மறைக்கிறாங்களே! எதையோ மறைக்கிறாங்களே!" என்று அம்மா அலறி, போனை வைத்துவிட்டாள்.

குருவி தலையைக் குனிந்துகொண்டாள். "டீச்சர், இனிமே சுத்தமா வராது. எல்லாம் கண்ணு வழியாப் போகுது."

நெட்டை பையைத் தோளில் மாட்டினாள். ஒரு கணம் குருவியைப் பார்த்தாள். விறுவிறுவென்று வெளியே போனாள்.

"போறா பாருங்க, மெடலுக்கு இடம் ஒழிக்க," என்று முனகினாள் குருவி. மனம் நொந்தவர்கள் இப்படித்தான் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சற்றுமுன் அவளுக்கு நடந்ததும் அதுதானே!

சற்று நேரத்தில் திரையில் நெட்டையின் முகம் வந்தது. வாசலிலேயே மைக்குகள் அவளை மடக்கியிருந்தன.

"வெண்கலம் இப்போ உங்களுக்குத்தான்னு பேசிக்கிறாங்க. எப்படி ஃபீல் பண்றீங்க?"

"பாத்ரூமுக்கு ஓடினா மெடலைப் பிடுங்குவாங்களா? அப்படின்னா இங்க யாருக்கும் மெடல் மிஞ்சாதுங்க."

"அப்போ அவங்க மருந்து எடுக்கலன்னு சொல்றீங்களா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? அவ உடம்புக்குள்ள போய்ப் பார்த்தேனா? அதைச் சொல்றதுக்கு லேப் இருக்கு. நான் பார்த்ததை மட்டும் சொல்றேன். நான் உள்ள உட்கார்ந்திருந்தேன். இவ கதவைத் தள்ளிட்டு ஓடி வந்தா. பின்னாடியே ஒரு டீச்சர் ஒத்தைச் செருப்போட வந்தாங்க. தப்பிச்சு ஓடுறவ சோதனை ரூமுக்குள்ளயா வருவா? உங்க வீடியோவைக் கதவோட நிறுத்திட்டீங்க. கதவுக்கு உள்பக்கம் நான் இருந்தேன்."

"மெடல் மேல உங்களுக்கு ஆசையே இல்லையா?"

"இல்லாம? அதுக்குத்தானே ஓடுறேன். அடுத்த தடவை அவளைத் தாண்டிப் போய் வாங்கிக்கிறேன்."

அறையே சிரித்தது. டாக்டரம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். குருவியும் சிரித்தாள், ஆனால் பாதியில் நிறுத்தினாள்.

"எனக்கெப்படித் தெரியும்னு சொல்லிட்டாளே டீச்சர்!"

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற பிள்ளைக்கு நான் கிளாஸ்ல ரெண்டு ஸ்டார் ஒட்டுவேன்," என்றார் டீச்சர்.

திரையில் சிவப்பு எழுத்து மாறியது. "கழிப்பறைகள் எங்கே? வீராங்கனைகளை ஓடவிட்ட அமைப்பாளர்கள்!" மன்னிப்பு என்ற சொல் எங்கேயும் தென்படவில்லை. அதே நிபுணர் அதே கோட்டோடு, அதே காட்சியை விரலால் தொட்டு, "கையை வீசுறதைப் பாருங்க. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாங்க," என்றார்.

போன் அடித்தது.

"டீவியைப் பார்த்தேன்டி," என்றாள் அம்மா. குரல் இறங்கியிருந்தது.

"டீவியை நம்பிதான் என்னைத் திட்டின. இப்பவும் டீவியைத்தான் நம்புறியா?"

"அப்போ உன் முதுகைத்தான் காட்டினான். இப்போ அந்தப் பொண்ணு முகத்தைக் காட்டினான். தனக்கு வர்றதை வேண்டாம்னு சொல்லிட்டு எவளாவது பொய் சொல்வாளா?" பிறகு மெதுவாக, "பெத்தவ நம்பலையேன்னு கோவமா?"

"கொஞ்சம்."

"இருக்கட்டும். வீட்டுக்கு வந்து திட்டு. பக்கத்துல ஒரு டீச்சர் இருந்தாங்களே, அவங்ககிட்ட நான் கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

டீச்சர் கையை ஆட்டினார். அதற்குக்கூட அவரால் பதில் சொல்ல முடியாது.

போனை வைத்த குருவி மறுபடியும் நிபுணரைப் பார்த்தாள். கையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"டீச்சர்!"

"போலாம். ஆனா நடந்து போலாம்."

கோப்பையில் கோட்டுக்கு மேலேயே வந்தது. குருவியின் கண் முன்னாலேயே டாக்டரம்மா எல்லாவற்றையும் சேர்த்து பாட்டில்களில் ஊற்றி, முத்திரை வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்பதை இனி ஆய்வுக்கூடம் சொல்லும். குருவிக்கு அதில் பயமில்லை.

வெளியே வந்தபோது வீரர்களின் பேருந்துகளில் கடைசி ஒன்று மட்டும் நின்றிருந்தது. அதன் படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நெட்டை நின்றாள்.

"சீக்கிரம் வாடி. கால எடுத்தா டிரைவர் கதவ மூடிடுவாரு."

குருவிக்குச் சொல்ல நிறைய இருந்தது. "எனக்காகவா நின்ன?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

"பின்ன? நடந்தா வருவ? நீ ஓடி வந்தா மறுபடி டீவில போட்டுடுவான்."

ஓட்டுநர் கண்ணாடியில் குருவியைப் பார்த்துவிட்டு முழுசாகத் திரும்பினார். "ஏம்மா, சோதனைக்குப் பயந்து ஓடினது நீதானே? மத்தியானம் வீடியோ பார்த்தேன்."

குருவியின் முகம் வாடியது. நெட்டை அவளை ஜன்னலோர இருக்கையில் உட்கார வைத்தாள். பிறகு ஓட்டுநருக்குப் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"அண்ணே, நான் அங்கதான் இருந்தேன். நடந்தது என்னன்னா..."

பொய் ஒரே வீச்சில் ஊர் முழுக்கப் போய்விடுகிறது. உண்மைக்கு அந்த வசதி இல்லை. அதை ஒருவர் இன்னொருவருக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்ல ஒருத்தி இருந்தாள் என்பதே கடவுள் செய்த நல்லது.

ஓட்டுநர் எல்லாவற்றையும் கேட்டார். கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி குருவியைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்.

"அடக் கடவுளே, இவ்வளவுதானா? இந்த ரூட்ல எனக்கும் தினம் அதே ஓட்டம்தாம்மா."