எலுமிச்சையில் வேகாத கறி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பிறந்தநாள் விருந்தில், வாய் நிறையத் தின்றுகொண்டிருந்தபோது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஒசோர்னோ ஊரில் பிறந்தநாள் என்றால் ரொட்டியின் மேல் பச்சை மாட்டுக் கொத்துக்கறி இருக்க வேண்டும். அதன்மேல் வெங்காயம், எலுமிச்சைச் சாறு. சாறு பட்டாலே கறி வெந்துவிடும் என்று ஊரே நம்புகிறது. நானும் இரண்டு துண்டு தின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விருந்து வைத்த மிர்த்தாவுக்கு ஆனது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மாடுகளுக்கு நோய் வருமுன்பே மருந்து கொடுக்கும் வழக்கத்தால், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள்..."

[நிறுத்திவிட்டேன். இதில் மிர்த்தா எங்கே?]

2

மிர்த்தாவின் கணவன் ரெய்னால்டோ ஒயார்சோ கறிக்கடை வைத்திருக்கிறான். பச்சையாகத் தின்னக் கறி கேட்பவர்களைக் காலையில்தான் வரச் சொல்வான். கழுவிய இயந்திரத்தில் முதல் கொத்து அவர்களுக்கு. மத்தியானம் வந்து கேட்டால் விரட்டிவிடுவான்: "நாளைக்கு வாங்க. உங்கள கொல்றதுக்கு நான் என்ன உங்க மாமியாரா?"

இருபது வருடமாக இதில் அவன் கறார்.

அன்று அவனுக்கே பிறந்தநாள். கடையில் கூட்டம் நெரிந்ததில் வீட்டுக்கு அரைக்க மறந்துபோனான். சாயங்காலம் மிர்த்தா வந்து நின்றாள்.

"என்ன கிழவா, ஊருக்கெல்லாம் அரைச்சுக் குடுத்துட்டு எனக்குக் கைய விரிக்கிறியா?"*

"இரு கிழவி, அஞ்சே நிமிஷம்."

இயந்திரம் உள்ளறையில் இருந்தது. அங்கே போனவனை அவள் குரல் துரத்தியது.

"மெஷினக் கழுவினியா?"

நாள் முழுக்கத் துண்டு துணுக்கெல்லாம் அரைத்த இயந்திரம். கழுவ அரைமணி நேரமாகும். வீட்டுக்குத்தானே என்று நினைத்தான்.

"கழுவியாச்சு, கழுவியாச்சு."

இந்த இடத்தில் எனக்கு இரண்டு நாள் எழுத்து ஓடவில்லை. ஊராருக்கு அத்தனை கவனம், சொந்தப் பெண்டாட்டிக்கு இத்தனை அலட்சியம்! திட்டித் தீர்க்கலாம் என்று உட்கார்ந்தேன். என் வீட்டில் நானும் அப்படித்தான் என்பது நினைவுக்கு வந்தது.

* இருவருக்கும் ஐம்பதுகூட ஆகவில்லை. எங்கள் ஊரில் கிழவா, கிழவி என்பது கொஞ்சல்.

3

மூன்றாம் நாள் காய்ச்சல், எட்டாம் நாள் ஆஸ்பத்திரி. மிர்த்தாவுக்குச் சர்க்கரை வேறு. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. இரண்டு மருந்து ஏற்றியும் கேட்கவில்லை.

டாக்டரம்மா ரெய்னால்டோவிடம் பரிசோதனைத் தாளைக் காட்டினார். "பன்னெண்டு மருந்து வச்சுப் பாத்தோம், ஒம்பதுக்கு இது அசையல. பண்ணையிலேயே மருந்துக்குப் பழகின கிருமி. மூணாவது மருந்து இன்னைக்கு ஆரம்பிச்சிருக்கோம்."

"நான் மாடு வளர்க்கல டாக்டர். வெட்டி விக்கிறவன்தான்."

"உங்க மெஷின்ல துடைச்சு எடுத்ததுலயும் இதேதான் இருக்கு."

அவன் உள்ளே போனான். மிர்த்தா விழித்திருந்தாள்.

"கிழவா, என்னை மன்னிச்சிடு."

"எதுக்கு?"

"எலுமிச்சை கம்மியாப் பிழிஞ்சுட்டேன். புளிச்சா உனக்குப் பிடிக்காதேன்னு பாத்தேன். எல்லாம் என்னாலதான்."

(கூடை நிறையப் பிழிந்திருந்தாலும் பிழைத்திருக்கும் கிருமி அது. எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.)

4

ஒரு முடிவு: மூன்றாவது மருந்து கேட்கிறது. வீடு திரும்புகிறாள். அவன் எதையும் சொல்வதில்லை. ஒவ்வொரு பிறந்தநாளிலும் கறி வெளுத்துப்போகும்வரை அவள் எலுமிச்சை பிழிகிறாள். [இதை எழுதியபோது எனக்கே அவன்மேல் வெறுப்பு வந்தது. எழுதியதை அடித்துவிட்டேன்.]

இன்னொன்று: சொல்லிவிடுகிறான். "அடப்பாவி" என்கிறாள், அவன் கையை மட்டும் விடுவதில்லை. [நானாக ஆசைப்பட்டு எழுதியது. நம்ப முடியவில்லை.]

மூன்றாவது முடிவை எழுத மாட்டேன். அன்று விருந்தில் ரொட்டியை என் தட்டில் வைத்தவள் அவள்.

கடைசியாக மிஞ்சியது இவ்வளவுதான். அவன் கட்டிலருகே குனிகிறான்.

"மிர்த்தா, அன்னைக்கு மெஷின..."

பதினோரு முறை முயன்றும் இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவள் பிழைக்கட்டும், பிழைக்காமல் போகட்டும், அது உங்கள் விருப்பம். ஆனால் அவள்மேல் தப்பில்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். கண்ணைத் திறந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.