தண்டவாள ஆணி

மதுவிலக்கைத் தளர்த்திய எழுபத்தொன்றாம் வருஷம், ராயபுரத்தில் சாராயக்கடையை ஒட்டியிருந்த சிலுவையம்மாள் சாப்பாட்டுக் கடையின் மேற்குச் சுவர், துறைமுகத்து மூட்டைக்காரர்களின் அசதி தாங்காமல் நாலு விரற்கடை சாய்ந்தது. கொத்தனார் வந்து பார்த்து, அஸ்திவாரத்தில் குறை இல்லை, ஆணிகளில் தொங்குவதுதான் கனம் என்றார். சிலுவையம்மாள் ஒரு பனங்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு நெத்திலி வறுக்கப் போனாள்.

மூட்டை தூக்கும் கொக்கியோடு யாரும் அங்கே பெஞ்சில் உட்காரக் கூடாது. முதல் வாரமே ஒரு மீன்தலைக்காக இரண்டு பேர் கொக்கியை ஓங்கியதால் வந்த சட்டம். கொக்கியைச் சுவரில் மாட்டினால் அதுவரை சேர்ந்த அசதியும் அதோடு தங்கிவிட்டது. யாரும் இதை எதிர்பார்க்கவில்லை, புகாரும் சொல்லவில்லை. தோள் லேசாகி, கிளாஸை வைத்துக்கொண்டு, தலைக்குழம்பில் ஆப்பத்தைத் தோய்த்துத் தின்றபடி நம் பேட்டைக்காரர்கள் உலகத்தைத் திருத்தினார்கள். கொக்கியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினால் அசதி மறுபடி தோளில் ஏறும். உலகமும் பழையபடி ஆகிவிடும். கொக்கியை விட்டுப் போகலாமென்றால் கால் வாசற்படியைத் தாண்ட மறுத்தது. அதையும் முயன்று பார்த்தாகிவிட்டது.

ஸ்டானிஸ்லாஸின் கொக்கிக்குச் சாதாரண ஆணி பத்தாது. இருபத்தெட்டு வருஷ மூட்டை. அவருக்கென்று தண்டவாள ஆணி அடித்திருந்தார்கள். வீட்டுக்குப் போய்த் தட்டில் கை வைத்ததும் தூங்கிவிடுவார். மனைவி அடைக்கலமேரி அவர் விரல்களைக் கழுவிவிடுவாள். அவளுக்கு அவரிடம் சொல்ல ஏதோ இருந்தது. பதினோரு வருஷமாக 'இன்னாயா' என்று அவள் தொடங்குவதற்குள் குறட்டை வந்துவிடும். அது என்னவென்று தெரியாமலே செத்துப்போவோமோ என்று ஸ்டானிஸ்லாஸ் தினமும் மூன்றாவது கிளாஸில் அழுவார்.

எழுபத்திரண்டு ஐப்பசியில் ஒரு மாலை கரண்ட் போனது. அடையாளத்துக்கு அவர் கொக்கியில் மாதாவின் நீல நூல், பக்கத்து ஆணிக்காரன் பரசுராமனுடையதில் மஞ்சள் நூல். இருட்டில் இரண்டும் ஒரே நூல்தான். புதிதாகக் கல்யாணமாகி வீட்டுக்குப் பறந்துகொண்டிருந்த பரசுராமன் தவறானதை உருவிக்கொண்டு ஓடினான். வாசல் தாண்டியதும் முட்டி மடங்கியது. புதுப்பெண்டாட்டியிடம் தவழ்ந்தே போய்ச் சேர்ந்தான். போதை என்று தெரு சொன்னது. மறுக்க அவனிடம் மூச்சில்லை.

மிச்சமிருந்த கொக்கியோடு ஸ்டானிஸ்லாஸ் விசிலடித்துக்கொண்டு வீடு சேர்ந்தார். சாப்பிட்டார். தூக்கம் வரவில்லை. அடைக்கலமேரி கருவாட்டுக்காக அருவாமனையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"சொல்லுமே. முயிச்சிகினுதான் கீறேன்."

புதைத்து வைத்த நகையோ, பழைய காதலோ என்று அவர் தயாராக இருந்தார். அவள் கையிலிருந்த செதிலை வழித்துப் போட்டாள்.

"எனக்கும் அசதியா கீதுயா."

அவ்வளவுதான். அன்று தட்டுகளை ஸ்டானிஸ்லாஸ் கழுவினார். இரண்டு உடைந்தன.

மறுநாள் மாலை கொக்கியைத் திருப்பிக் கொடுத்த பரசுராமன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "நைனா, இத்த தூக்கிகினா தெனம் வூட்டுக்குப் போற?"

பழகிப்போச்சு என்று சொல்லிவிட்டு ஸ்டானிஸ்லாஸ் கொக்கியைத் தன் தோளிலேயே வைத்துக்கொண்டார். பின்னால் அடைக்கலமேரி அருவாமனையோடு நின்றிருந்தாள். அதை வாங்கித் தண்டவாள ஆணியில் மாட்டினார். பனங்கட்டை முனகியது, சுவர் இன்னும் இரண்டு விரற்கடை சாய்ந்தது. பெஞ்சிலிருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்து, சூடாக நாலு ஆப்பம் தின்று, அரை கிளாஸ் குடித்து, கடலைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவர் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார், பாதித் தூக்கத்தில்.

சிலுவையம்மாள் இரண்டாவது கட்டைக்குச் சொல்லி அனுப்பினாள். எழுபத்துநாலில் சாராயக்கடையை மூடியபோது சுவர் மூன்று கட்டைகளில் நின்றது. மூன்றாவது, சிலுவையம்மாளின் கரண்டிக்காக.