பாவுக்கு அடியில் போன விமானங்கள்

அக்ஷயாவின் கல்யாணத்தன்று காலை ஆரணிக்கு மேலே விமானங்கள் நின்றுவிட்டன. விழவுமில்லை, வட்டமடிக்கவுமில்லை. தென்னை மர உயரத்துக்கு இறங்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வேலூர் வண்டிகள் நிற்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காரணம் சாதாரணமானது. சென்னையில் இடமில்லை, பொறுங்கள் என்றார்கள். பெங்களூரில் இடமில்லை, திரும்பி வராதீர்கள் என்றார்கள். இரண்டு ஊரும் கைவிரித்த இடம் ஆரணியாகப் போயிற்று. வருடக்கணக்கில் இந்த வானத்தைச் சுற்றி அலுத்த விமானங்கள், இனி நின்றே காத்திருப்பது என்று தீர்மானித்துவிட்டன. டீசல் மிச்சம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். விமானம் டீசலில் ஓடுவதில்லை என்று யாரும் திருத்தவில்லை.

அக்ஷயாவுக்கு இது இரட்டைப் பேஜார். எந்த விமானம் எப்போது இறங்கலாம் என்று சென்னை விமான நிலையக் கோபுரத்திலிருந்து சொல்வதுதான் அவள் வேலை. கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தாள். மாப்பிள்ளை அபிஜித்தோ பூனாவிலிருந்து முகூர்த்த நாளன்றே கிளம்பிய தைரியசாலி. அவன் விமானம் பெண் வீட்டு மொட்டைமாடிக்கு நேர் மேலே நின்றது. ஜன்னலோரம் வேட்டி சட்டையில் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டிருந்தான். காலை முகூர்த்தம் போயிற்று. கல்யாணத்தை நடத்திவைக்க வந்த உபாத்தியாயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, சாயங்காலத்தில் இன்னொன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதுவும் தவறினால் கல்யாணம் அடுத்த வருஷம்தான். மேலும் அது சமண வீடு. இருட்டிய பிறகு ஒரு பருக்கை உள்ளே போகாது. அப்பா அனந்தகுமார் வானத்தையும் சாம்பார் அண்டாவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் ஆகாயப் போக்குவரத்து மண்டல அதிகாரி ராஜ்குமார், சுழல்விளக்கு வைத்த காரில் வந்தார். அவர் பதவியின் பெயர் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் வரை ஓடும். கார் தெருமுனையிலேயே நின்றது. நெசவுக்காரப் பூங்காவனம், ஒரு சேலைக்கான பட்டு நூல் முழுவதையும் பாவாக நீட்டி, தெருவின் குறுக்கே கட்டியிருந்தாள். வெயில் ஏறினால் பாவைச் சுருட்டிவிடுவது வழக்கம். அன்று விமானங்களின் நிழலில் வெயிலே விழாததால், அவள் சுருட்டவில்லை.

"ஆகாயம் முழுக்க என் கன்ட்ரோல்ல இருக்கும்மா" என்றார் ராஜ்குமார்.

"இருக்கட்டும் சார். தெரு என் கன்ட்ரோல்ல இருக்குது. குனிஞ்சு வாங்க" என்று பூங்காவனம் கம்பால் பாவைத் தூக்கிப் பிடித்தாள்.

மண்டலம் குனிந்து வந்தது. மாடியிலிருந்து இதைப் பார்த்த அக்ஷயாவுக்கு வழி கிடைத்துவிட்டது. சென்னைக்குப் போகும் வானத்தில்தான் இடமில்லை, கீழே தெரு காலி.

"யக்கா, பாவை அப்படியே தூக்கிப் பிடிக்கிறியா? ஒவ்வொண்ணா தெரு வழியா அனுப்புறேன்."

"இழை அறுந்தா?"

"ஓட்டுறவரே எறங்கி முடிச்சுப் போடுவாரு."

"அப்போ ஜல்தியா வரச் சொல்லு. உன் கல்யாணச் சோறு ஆறிகினு கீது."

அக்ஷயா கல்யாண மைக்கை எடுத்தாள். முதலில், மேலே காத்திருக்கும் அமைச்சரின் விமானம் என்றார் ராஜ்குமார். அக்ஷயா பிறந்து வளர்ந்த தெரு அது. "பாவு நீட்டினா இங்க ஒரு வரிசை இருக்கு சார். மொதல்ல பொணம், அப்புறம் பிரசவம், அப்புறம் கல்யாணம், அப்புறம் வேலைக்குப் போறவங்க. சாமி ஊர்வலம் கடைசி. சாமிக்கு இன்னா அவசரம்? அமைச்சரை சாமியோட சேர்த்துக்கலாம்." சாமிக்குச் சமமான இடம் என்று கேட்டதும், அமைச்சர் மகிழ்ந்து, கடைசிவரை காத்திருக்கச் சம்மதித்தார்.

பெரணமல்லூர்க்காரர் ஒருவரின் சடலத்தோடு வந்த விமானம் முதலில் இறங்கியது. இறக்கையைக் குடைபோல் மடக்கி, மூக்கைத் தாழ்த்திப் பாவுக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் எழும்பிச் செய்யாறு திசையில் போயிற்று. அடுத்து ஒரு நிறைமாதக்காரி போனாள். மாப்பிள்ளையின் முறை வந்தபோது, பின்னாலிருந்த விமானத்தில் இன்னொருத்திக்கு வலி கண்டது.

"அதை விட்டுட்டு மாப்பிள்ளைய எறக்கேம்மா, பொழுது போவுது" என்றார் அனந்தகுமார்.

"வரிசை வரிசைதான்ப்பா." அவள் மைக்கில் பின்னாலிருந்த விமானத்தைக் கூப்பிட்டாள். வலி கண்டவள் முன்னால் போனாள்.

பிறகு அபிஜித்தின் விமானம் தெருமுனையில் இறங்கி நின்றது. அவன் இறங்கி, பூங்காவனம் சொல்லுமுன்பே பாவுக்கு அடியில் குனிந்து வந்தான். தாலி ஏறியது. ஒவ்வொரு விமானமாக விலக விலக வானத்தில் வெளிச்சம் திரும்பியது; கடைசிப் பந்தி எழுந்து கை கழுவும்போதுதான் சூரியன் மறைந்தது. இருட்டியபின் இறங்கிய அமைச்சர் இலை எங்கே என்று கேட்டார். விடிந்ததும் வாருங்கள் என்று அனந்தகுமார் கும்பிட்டார். அமைச்சர் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சாப்பிட்டார்.

சென்னையில் இடமில்லாத காலைகளில் விமானங்கள் இன்றும் அந்தத் தெரு வழியாகத்தான் போகின்றன. இதைத் தானே வடிவமைத்ததாக ராஜ்குமார் டில்லியில் விருது வாங்கினார். போன மாதம் ஒரு விமானத்தின் வால் பட்டு இழை அறுந்தது. பைலட் தெருவில் சம்மணமிட்டு முடிச்சுப் போடும்வரை பயணிகள் இறங்கி டீ குடித்தார்கள். பூங்காவனம் முடிச்சை விரலால் நீவிப் பார்த்து, பரவாயில்லை என்று தலையசைத்துவிட்டு, அடுத்த வண்டிக்காகப் பாவைத் தூக்கினாள்.