வேன் காலியாகத்தான் போனது

கடல் தாண்டி ஊழியத்துக்கு வந்து அவனுக்கு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இருபத்துநாலு வயது. மாவு மில்லுக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. மில் ஓடும்போதெல்லாம் சுவர் அதிரும். கட்டில், தலையணை, பைபிள் எல்லாவற்றின் மேலும் மாவு படியும். வாசல்நிலை அவன் உயரத்துக்குச் சரிப்படவில்லை. வந்த அன்றே நெற்றி புடைத்து நின்றவனுக்கு ஊரார் 'நெட்டை ஐயா' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பேர் ஒட்டிக்கொண்டது, பாஷைதான் ஒட்டவில்லை. புறப்படுமுன் மிஷன் பள்ளியில் ஆறு மாதம் மண்டையை உடைத்துப் படித்த இலக்கணம் கடைத்தெருவில் காலை வாரிவிட்டது. சோப்பு கேட்டால் ஏணியை எடுத்து நீட்டினார்கள். ஜெபத்தைக்கூட காகிதத்தில் எழுதிவைத்து, விரலால் தொட்டுத் தொட்டுத்தான் படித்தான்.

எதிர்வீட்டில் டிராக்டர் மெக்கானிக். எந்தச் சாமியையும் கும்பிடாத மனுஷர். "ஏன் ஐயா, உங்க சாமிக்காவது எங்க பாஷை ஒழுங்கா வருமா?" என்று கேட்டுவிட்டு, தானே விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகளுக்கு நாலு வயது. தெருவே அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடும்.

வாலு தினமும் காலையில் அவன் அறைப் படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். வாளி, விளக்குமாறு, எறும்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். அவன் சொல்லும் அழகைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "தப்பு! திரும்பச் சொல்லு!" இத்தனை பெரிய ஊரில் அவன் தப்பைத் தப்பு என்று சொன்னது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

மழை விடாமல் கொட்டிய ஒரு வாரத்தில் வாலுவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காலையில் சுகாதார நிலைய நர்ஸ் வந்து பார்த்தாள். கழுத்தைத் தொட்டு, தலையைத் தூக்கப் பார்த்தாள். குழந்தை வலியில் முனகியது. "டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க. இன்னைக்கே," என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள். மெக்கானிக் பால் வேன்காரரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவைத்தார். பாதையெல்லாம் தண்ணீர். இருந்தாலும் மதியம் வருகிறேன் என்றார் அவர்.

வேன் வருமுன் தையல்காரம்மாவே அவனைக் கூப்பிட்டனுப்பினாள். "ஐயா, ஒரு வார்த்தை உங்க ஆண்டவர்கிட்ட சொல்லுங்க."

அவன் காகிதத்தை எடுத்துக்கொள்ளாமலே ஓடினான். கட்டிலருகே மண்டியிட்டு, குழந்தையின் சுடும் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பாஷையிலேயே ஜெபித்தான். வார்த்தைகள் தாமாக வந்து விழுந்தன. முடித்துக் கண் திறந்தபோது குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. தாய் அவன் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பினாள். மெக்கானிக்கே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அறைக்குத் திரும்பிய அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. உட்கார்ந்து மிஷன் தலைவருக்குக் கடிதம் எழுதினான்: 'இன்று முதன்முறையாக எழுதிவைக்காமல் ஜெபித்தேன். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள்.' எழுதிக்கொண்டிருக்கும்போதே பால் வேன் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. குழந்தையோடு போகிறார்கள் என்று நினைத்தான்.

மறுநாள் காலை எதிர்வீட்டிலிருந்து அலறல் கேட்டு எழுந்து ஓடினான். மாவு மில்காரம்மா வாசலிலேயே அவனை மறித்தாள்.

"போகாதீங்க ஐயா. குழந்தை போயிடுச்சு."

"ஆஸ்பத்திரியிலயா?"

"எங்க போனாங்க? நீங்கதானே குழந்தை பிழைச்சுக்கும்னு சொன்னீங்க. உங்க சாமியே சொல்லிட்டாருன்னு அவ வேனைத் திருப்பி அனுப்பிட்டா. தூங்குற புள்ளைய அந்தக் குண்டுகுழியில எதுக்குக் குலுக்கணும்னு."

"நான் பிழைக்கட்டும்னுதானே சொன்னேன்?"

மில்காரம்மா அவனைப் பார்த்தாள். "அதைத் திரும்பச் சொல்லுங்க."

சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிழைக்கட்டும் என்பதற்கும் பிழைக்கும் என்பதற்கும் அந்தப் பாஷையில் நடுவில் வரும் ஒரு சின்ன ஒலிதான் வித்தியாசம். அதை அவன் நாக்கு விழுங்கியிருந்தது. அவன் வேண்டியது அவர்கள் காதில் வாக்காக விழுந்திருந்தது.

அடக்கத்துக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. இடுகாட்டுச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். பிறகு நர்ஸைத் தேடிப் போனான். "வேன்ல போயிருந்தா பிழைச்சிருக்குமா?"

"பிழைச்சிருக்காதுன்னு நான் சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும்," என்றாள் அவள். "ஆனா எனக்குத் தெரியாது ஐயா. யாருக்கும் தெரியாது."

நாலாம் நாள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். தையல் மெஷின் மேல் துணி மூடியிருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தான் சொல்ல வந்தது எது, சொன்னது எது என்று.

"அப்போ உங்க சாமி ஒண்ணும் சொல்லல," என்றார் மெக்கானிக். "சோப்புக்கு ஏணி கேட்ட கதைதானா?"

அவன் அழுதான். "என்னை மன்னிச்சிடுங்க."

"நீங்க இதை வந்து சொல்லாம இருந்திருக்கலாம்," என்றாள் தாய். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "சாமி வாக்குக் கொடுத்து ஏமாத்திடுச்சுன்னு இருந்தேன். திட்டுறதுக்கு ஒரு ஆள் இருந்துச்சு. வேனைத் திருப்பி அனுப்பினது நான்தான் ஐயா. இவரு அனுப்பாதேன்னுதான் சொன்னாரு. இப்போ நான் யாரைத் திட்டுவேன்?"

"என்னைத் திட்டுங்க."

"உங்களையா?" அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களே ஒரு புள்ள."

மன்னித்தேன் என்று அவர்கள் சொல்லவில்லை. அதன்பின் அவனும் கேட்கவில்லை.

நடந்ததை ஒளிக்காமல் எழுதியதற்கு, திரும்பி வந்துவிடு, வேறு இடம் பார்க்கலாம் என்று தலைவரிடமிருந்து பதில் வந்தது. பெட்டியைக் கட்டினான், இரண்டு நாள் கழித்து அவிழ்த்தான். போய்விட்டால் இந்த ஊரில் அந்தக் குழந்தையை நினைத்து வெட்கப்பட ஒரு ஆள் குறைந்துவிடும் என்று பதில் எழுதினான். அன்றிலிருந்து எந்த வீட்டில் நோயென்று கூப்பிட்டாலும், "வண்டிக்குச் சொல்லியாச்சா?" என்றுதான் முதலில் கேட்டான். நோயாளியை வண்டியில் ஏற்றிய பிறகுதான் வாயைத் திறந்தான், அதுவும் தன் தாய்மொழியில், தனக்குள்ளேயே.

இரண்டு மாதத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டே கிளம்பினார்கள். தையல்காரம்மாவின் அண்ணன் ஊருக்கு. லாரி வந்து நின்றது. இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக அசைக்க முடியாமல் திணறிய மெக்கானிக் வெளியே எட்டிப் பார்த்தார். தெருவில் அவன் மட்டும்தான் நின்றிருந்தான்.

"ஒரு கை பிடிங்க," என்றார்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். பீரோ கனத்தில் மூச்சு வாங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒவ்வொரு படியாக இறங்கி, லாரியில் ஏற்றிக் கயிறு போட்டார்கள். தாய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மெக்கானிக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "உங்க பக்கம் முடிச்சு சரியா இருக்கா?"

"இருக்கு," என்றான் அவன்.

அவர் அவன் கட்டிய பக்கம் போய், தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறினார்.